தியாகராஜாவின் முதுகு

ஈப்போவில் ஒரு டயர்க் கடைக்கு மேலே இரண்டு மாடிகளை வாடகைக்கு எடுத்து நடந்துவந்தது அந்த வணிகக் கல்லூரி. அறிவின் ஊற்று என்று பொருள்படும் மலாய்ப் பெயர் ஒன்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தமும் இரும்பைத் தட்டுகிற சத்தமும் பகல் முழுக்க மேலே ஏறி வரும். அங்கே படித்தவர்களில் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒருநாளும் குறை சொல்லாதவள் நல்லம்மாள் ஒருத்திதான். அவளுக்குக் காது கேட்காது.

பிறவியிலேயே அப்படி இல்லை. லகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லயத்து வரிசைவீட்டுச் சண்டைகளையும் கோயில் ஒலிபெருக்கியையும் கேட்டு வளர்ந்தவள். பன்னிரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெஸர் எல்லாக் காய்ச்சலுக்கும் கொடுக்கிற வெள்ளை மாத்திரையையே அதற்கும் கொடுத்தார். டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் தப்பியது, காது தப்பவில்லை. நரம்பே செத்துவிட்டது, இனி எந்தக் கருவி வைத்தாலும் பயனில்லை என்று டாக்டர் சொன்னதை அப்பா பத்துமலை மூன்று பேரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகு ஓர் ஓரமாகப் போய் அழுதார்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் குடும்பம் ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்கு வந்தது. பத்துமலைக்கு நகராட்சியின் குப்பை லோரியில் வேலை கிடைத்தது. அம்மா இருளாயி பிஸ்கட் கம்பெனியில் டப்பா அடைக்கப் போனாள். அதற்குள் நல்லம்மாள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே ஒன்றைக் கற்றிருந்தாள். எதிரே இருப்பவரின் வாயைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். தமிழ் வாயும் படிப்பாள், மலாய் வாயும் படிப்பாள். அவளுடைய குரல் மட்டும் மேடு பள்ளம் இல்லாமல், சில நேரம் வேண்டியதற்கு மேல் உரக்க, பஸ் நிலையத்து அறிவிப்பு மாதிரி வரும். தேசியப் பள்ளியில் முன்வரிசையில் உட்கார்ந்து ஐந்தாம் படிவம் முடித்தாள். கணக்குப் பாடத்தில்தான் அதிகப் புள்ளி.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜனவரியில், பத்துமலை அவளை அந்தக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிரின்சிபல் இராஜசிங்கம் யாழ்ப்பாணத்து வழிவந்தவர். அரசாங்க வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் பழகிய மிடுக்கைப் பென்ஷனோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அது வீணாகிவிடக் கூடாதே என்று கல்லூரி தொடங்கியவர்.

"பிள்ளைக்குக் கதைக்க வருமோ?" என்று பத்துமலையைப் பார்த்துக் கேட்டார்.

"அவகிட்டயே கேளுங்க சார். வாயப் பாத்தா புரிஞ்சுக்கும்."

இராஜசிங்கம் மேசைமேல் குனிந்து, முதலை வாயைத் திறப்பது போல் திறந்து கத்தினார். "உன்ரை... பேர்... என்ன?"

"நல்லம்மாள். சாதாரணமாப் பேசுங்க சார். கத்துனா வாய் கோணிப்போவுது. படிக்க முடியல."

அவர் முகம் ஒரு நொடி சுண்டிப்போனது. அடுத்த நொடி அதில் வேறொரு வெளிச்சம் வந்தது. பக்கத்து மேசைக் குமாஸ்தாவைப் பார்த்து, "பேராக் மாநிலத்திலேயே இப்பிடியான ஒரு பிள்ளையைச் சேர்க்கிற முதல் கல்லூரி எங்கடைதான்" என்றார். அது உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. அவரும் விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

நல்லம்மாள் தன் பாடு என்னவென்று தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தாள். முதல் வாரமே ஆசிரியர்களிடம் போய், பேசும்போது வகுப்பைப் பார்த்துப் பேசினால் போதும் என்று சொன்னாள். வணிகப் பாடம் எடுத்த மிஸ்டர் லியோங் கேட்டுவிட்டு, "ஓ, அவ்வளவுதானா?" என்றார். அதற்குப் பிறகு எழுதும்போது எழுதினார், திரும்பி நின்று பேசினார். மறந்துபோய்ப் பலகையோடு பேச ஆரம்பித்தால் தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, திரும்பி முதலிலிருந்து சொன்னார். அதற்காக அவர் யாரிடமும் நன்றி எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கமாட்டார்.

கணக்கியல் எடுத்தவர் தியாகராஜா. அவரிடம் படித்தால் பாஸ் நிச்சயம் என்று ஈப்போ முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பியவர் அவரேதான் என்றும் ஒரு பேச்சு உண்டு. வகுப்புக்குள் நுழைவார், சாக்குக்கட்டியை எடுப்பார், பலகைப் பக்கம் திரும்புவார். மணி அடிக்கிற வரைக்கும் கரும்பலகைதான் அவருடைய ஒரே மாணவன். எண்களை எழுதுவார். அந்த எண் எங்கிருந்து வந்தது, ஏன் இந்தப் பக்கம் போகிறது என்கிற விளக்கத்தையெல்லாம் பலகையிடம் வாயால் சொல்வார். மற்றவர்களுக்கு அது பலகையில் பட்டுத் திரும்பிக் காதில் விழும். நல்லம்மாளுக்குக் கிடைத்தது அவருடைய முதுகு. சட்டையில் தோள்பட்டைகளுக்கு நடுவே வேர்வை ஆரம்பித்து, பாடம் முடியும்போது போர்னியோ தீவு அளவுக்குப் பரவுவதை அவள் தினமும் பார்த்தாள். தவறித் திரும்பினாலும் மேலுதட்டை மூடிய மீசை, வார்த்தைகளைப் பெருக்கித் தள்ளிவிடும்.

ஒருநாள் நடையில் அவரை நிறுத்தினாள்.

"சார், ஒரு ஒதவி. எழுதுறப்ப எழுதுங்க, பேசுறப்ப எங்களப் பாத்துப் பேசுங்க. ரெண்டும் ஒண்ணாச் செஞ்சா எனக்கு ஒண்ணும் கெடைக்க மாட்டுது."

தியாகராஜா கையிலிருந்த சாக்குத்தூளைத் தட்டினார். "நான் எப்பிடி நிக்கவேணும் எண்டு நீ எனக்குச் சொல்லித் தாறியோ?"

"சொல்லித் தரல சார். கேக்குறேன்."

"மற்றப் பிள்ளையளுக்கு எல்லாம் விளங்குதுதானே?"

"அவங்களுக்குக் காது இருக்கு சார்."

உண்மை சில பேருக்கு அவமரியாதையாகப் படும். தியாகராஜா நேராக மாடிப்படி இறங்கிப் பிரின்சிபல் அறைக்குப் போனார். தோட்டத்துப் பிள்ளைகளை உள்ளே விட்டால் இப்படித்தான், இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்று சொன்னதாகப் பிறகு தெரியவந்தது.

அந்தப் பெண் கேட்டது ஓர் ஆள் குதிகாலில் அரை வட்டம் திரும்ப வேண்டும் என்பது. அதற்குச் செலவில்லை, உடம்பு நோகாது, மூன்று வயதுக் குழந்தையும் செய்யும். கல்லூரி அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தது. முதலில் ஒரு கமிட்டி போட்டது.

கமிட்டியில் இராஜசிங்கம், தியாகராஜா, லியோங் மூவரும் இருந்தார்கள். நான்காவது ஆள், நகைக்கடை முதலாளி அர்ச்சுனன். ஈப்போவில் எந்தத் திறப்பு விழாக் கல்லிலும் அவர் பெயர் இருக்கும். இல்லாத கல்லைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. கூட்டத்துக்கு நல்லம்மாளையும் அழைத்திருந்தார்கள். நீள மேசையின் ஒரு கோடியில் உட்கார வைத்தார்கள். அப்புறம் நால்வரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து பேசினார்கள். இராஜசிங்கம் காகிதத்தைப் பார்த்துப் பேசினார். அர்ச்சுனன் மென்றுகொண்டே பேசினார். தியாகராஜா வாயில் கைவைத்துக்கொண்டு பேசினார். நல்லம்மாளின் தலை பூப்பந்து விளையாட்டைப் பார்ப்பவள் போல இப்படியும் அப்படியும் திரும்பியது. ஒரு பேச்சைப் பிடிப்பதற்குள் அது முடிந்து வேறொரு வாய் அசைந்தது.

லியோங் மட்டும் குறுக்கிட்டு, "அந்தப் பெண் கேட்பது ஒன்றுதான். திரும்பி நின்று பேசச் சொல்கிறாள். பேசினால் முடிந்தது லா" என்று மலாயில் சொன்னார். ஒருவரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

கடைசியில் இராஜசிங்கம் அவளைப் பார்த்து நல்லபடியாக வாயசைத்துச் சொன்னார். "உனக்கு ஒரு மெஷின் வாங்கித் தரப்போறம் பிள்ளை. காதுக்கு."

"வேணாம் சார். நரம்பு செத்துருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எந்த மெஷினும் கேக்காது."

"இது ஜெர்மன் மெஷின்" என்றார் அர்ச்சுனன். ஜெர்மன்காரன் செத்த நரம்பையும் எழுப்புவான் என்பது போல இருந்தது அவர் சொன்ன விதம்.

மெஷினுக்காக ஒரு சீன உணவகத்தின் மாடியில் விருந்து நடத்தினார்கள். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் தலைமை தாங்கினார். வட்ட மேசைகளில் டவுனின் பெரிய மனிதர்கள் வறுத்த மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துமலைக்கும் இருளாயிக்கும் சமையலறைக் கதவோரத்து மேசையில் இடம். இருளாயி கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி வந்திருந்தாள்.

நல்லம்மாளை மேடையேற்றினார்கள். சிகரெட் பெட்டி அளவில் ஒரு கருவி. அதை வாரில் கோத்து அவள் நெஞ்சில் தொங்கவிட்டு, வயரைக் காதில் செருகினார் டத்தோ. புகைப்படக்காரருக்குக் கோணம் சரியாக விழவில்லை என்று கழற்றி மறுபடியும் செருகினார்கள். இராஜசிங்கம் ஒலிவாங்கியை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, கூட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்று தமிழில் உரக்கக் கேட்டார்.

"இப்ப கேக்குதோ பிள்ளை?"

அவள் அவர் வாயைப் படித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். "கேக்கல சார்."

அந்தப் பஸ் நிலையக் குரல் ஒலிபெருக்கியில் ஏறி மண்டபத்தின் மூலை முடுக்கெல்லாம் போயிற்று. தமிழ் தெரிந்த மேசைகளில் கரண்டிகள் நின்றன. டத்தோவுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று மலாயில் கேட்டார். இராஜசிங்கத்துக்குக் கண் இமைக்கவில்லை.

"ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் முதலாக மனிதக் குரலைக் கேட்கிறாளாம். உங்களுக்கு நன்றி சொல்கிறாள், டத்தோ."

டத்தோவின் கண் கலங்கியது. கைதட்டல் எழுந்தது. தமிழ் தெரிந்தவர்களும் தட்டினார்கள். டத்தோ தட்டும்போது தட்டாமல் இருக்க முடியுமா? நல்லம்மாள் பிரின்சிபல் வாயிலிருந்து அந்த மலாய் வாக்கியத்தை முழுசாகப் படித்துவிட்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தட்டுகிற கைகள் ஓயுமுன்னே மேடையிலிருந்து இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் இருளாயி கேட்டாள். "ஏண்டி, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்கியிருக்கலாம்ல? பெரிய மனுசங்க."

"அப்ப நாளைக்கு அந்த வாத்தியாரு திரும்பவே மாட்டாரும்மா."

அவள் ஆமென்று சொல்லாமலே அப்படித்தான் ஆயிற்று. மறுநாள் தியாகராஜா அவள் நெஞ்சில் தொங்கிய பெட்டியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "மெஷின் வந்திட்டுது. இனி ஒரு சாட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு, மனச்சாட்சி சுத்தமான மனிதனுக்குரிய நிம்மதியோடு முதுகைக் காட்டினார்.

போதாக்குறைக்கு அந்த ஜெர்மன் மெஷின் கத்தியது. காதிலிருந்து வயர் கொஞ்சம் நழுவினால் போதும், கீ என்று ஊசி போல ஒரு சத்தம். அதைப் போட்டிருந்தவளைத் தவிர எல்லாருக்கும் அது கேட்டது. பின்வரிசைக்காரர்கள் காதைப் பொத்தினார்கள். தியாகராஜா சாக்கைப் பலகையில் குத்தி உடைத்துவிட்டு, "வகுப்பைக் குழப்பாதை!" என்று பலகையைப் பார்த்தே அதட்டினார். யாரை அதட்டுகிறார், எதற்கு அதட்டுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்காரும் சாரதாதேவி அவள் நெஞ்சைத் தொட்டு, விரலால் காதில் குடைவது போல் செய்துகாட்டிய பிறகுதான் புரிந்தது. வேண்டாம் என்று சொன்ன மெஷின், கேட்கவே கேட்காத மெஷின், அது போடுகிற சத்தத்துக்கு அவள் திட்டு வாங்கினாள்.

கழற்றிப் பைக்குள் போட்டாள். அர்ச்சுனன் யாரையாவது கூட்டிக்கொண்டு கல்லூரியைச் சுற்றிக் காட்ட வரும்போது மட்டும் குமாஸ்தா ஓடிவந்து, "மெஷின் போடு, மெஷின் போடு" என்று சைகை காட்டுவார். கோயில் திருவிழாவில் உற்சவ மூர்த்திக்கு நகை பூட்டுவது மாதிரி அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சாரதாதேவி சிலோன் தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பா போஸ்டாபீசில் பெரிய வேலை. அவளுக்குக் கணக்கு வராது. வராது என்பதில் அவளுக்கு வெட்கமும் கிடையாது. ஒருநாள் மதியம், கீழே, டயர்க் கடைக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் ரொட்டியை நனைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் கார்பன் பேப்பர் வைச்சு நோட்ஸ் எழுதுறன். கீழ்த்தாள் உனக்கு. நீ எனக்குக் கணக்கு செய்து காட்டு. சரியோ?"

"காட்டுறேன். ஆனா கொஞ்சம் மெதுவாப் பேசு."

"நான் இப்பிடித்தான் கதைப்பன். நீ வேகமாப் பார்."

அந்த ஒப்பந்தத்தில் இரக்கம் இல்லை, அதனால் நிலைத்தது. மங்கிய நீல எழுத்தில் பாடம் கைக்கு வர ஆரம்பித்தது. தியாகராஜா பலகையிடம் சொன்னதில் சாரதாவுக்குப் புரிந்த பாதிதான் அதில் இருக்கும். மீதியை நல்லம்மாள் புத்தகத்தைப் பார்த்து ஊகித்தாள். ஆனால் ஓரங்களில் சாரதா வேறு சில விஷயங்களையும் எழுதிவைப்பாள். 'இப்போது மூக்கைச் சொறிகிறார்.' 'பின்னால் யாரோ ஏப்பம் விட்டான், எல்லாரும் சிரிக்கிறோம்.' காது போனதிலிருந்து, எல்லாரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே உட்கார்ந்திருந்து பழகியவள் அவள். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, வகுப்பு அடங்கி வெகுநேரம் கழித்துத் தனியாகச் சிரித்தாள். தியாகராஜா பலகையிடம் அதற்கும் ஏதோ சொன்னார்.

பாதிப் பாடம் போதாது என்று தெரிந்ததும் நல்லம்மாள் ஒரு காரியம் செய்தாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகைக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு சாய்த்து, வகுப்பைப் பார்த்த மாதிரி போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் பலகையோடு பேசுகிறவரின் வாய் பக்கவாட்டில் தெரியும். அவர் திரும்ப வேண்டாம். அவளே திரும்பிக்கொண்டாள்.

தியாகராஜா உள்ளே வந்து பார்த்தார். "அங்கை என்ன செய்யிறாய்?"

"உங்க வாயப் பாக்குறேன் சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தியாகராஜா சாக்கைக்கூட எடுக்காமல் வெளியே போனார். பிரின்சிபல் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"பிள்ளை, இதென்ன கோலம்? ஆரும் விருந்தாளியள் வந்து பாத்தால் என்ன நினைப்பினம்? ஏலாத பிள்ளையைத் தண்டனை குடுத்து இருத்தியிருக்கு எண்டு சொல்லமாட்டினமோ?"

"இங்கருந்தா பாடம் புரியுது சார்."

"புரியிறது வேறை. பாக்கிறதுக்கு எப்பிடி இருக்கு எண்டு ஒண்டு இருக்கு."

அவர் வாழ்க்கையில் சொன்ன மிக நேர்மையான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். நாற்காலியைக் குமாஸ்தாவே தூக்கிப் பழைய இடத்தில் போட்டார். நல்லம்மாள் அவர் பின்னாலேயே நடந்து போய் அதில் உட்கார்ந்தாள்.

வருஷக் கடைசியில், வெளியே நடக்கிற பெரிய பரீட்சைக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கக் கல்லூரியே ஒரு பரீட்சை வைத்தது. கணக்கியல் தாளுக்குத் தியாகராஜாவே கண்காணிப்பாளர். நல்லம்மாள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று முன்வரிசையில் பேனாக்கள் எல்லாம் ஒன்றாக நகர்ந்து கேள்வித்தாளில் எதையோ திருத்துவதைக் கண்டாள். நிமிர்ந்து திரும்பினாள். தியாகராஜா அறையின் பின்கோடியில் நின்றிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து வாயை மூடியிருந்தார்.

கையைத் தூக்கினாள். "சார், என்ன சொன்னீங்க?"

அவர் உதட்டில் விரல் வைத்தார். பரீட்சையில் பேசக் கூடாது. அவள் எழுந்து நின்றாள். உட்காரும்படி கையைக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மூன்றாவது கேள்வியில் அச்சுப் பிழை. பற்று என்று இருந்ததை வரவு என்று மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். இது அவளுக்கு வெளியே வந்த பிறகு சாரதா சொல்லித்தான் தெரியும். உள்ளே இருந்தபோது தெரிந்ததெல்லாம் கணக்கு நேராகவில்லை என்பதுதான். தன்மீதுதான் தப்பு என்று நினைத்தாள். அடித்து எழுதினாள். மறுபடி அடித்தாள். இரண்டு பக்கமும் ஒத்துவராத அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியதில் கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. தோற்றுப்போனாள்.

பத்துமலை லீவு போட்டுவிட்டு அவளோடு வந்தார். பிரின்சிபல் அறையில் தியாகராஜாவும் இருந்தார்.

"திருத்தம் எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னது" என்றார் இராஜசிங்கம். "உனக்கெண்டு தனியாச் சொன்னால் அது பாரபட்சம். எங்களுக்கு எல்லாப் பிள்ளையளும் ஒண்டுதான்."

"பலகையில எழுதியிருக்கலாம் சார். பொழுதெல்லாம் பலகையிலதான எழுதுறாரு. அன்னிக்கு மட்டும் எழுத வரலையா?"

"பாத்தியளோ?" என்றார் தியாகராஜா, பிரின்சிபலைப் பார்த்து. "மெஷினும் வாங்கிக் குடுத்து, இந்த வாயும் கேக்கவேண்டிக் கிடக்கு."

"இவ்வளவு செய்தும் நன்றியெண்ட ஒண்டு இல்லை" என்றார் இராஜசிங்கம்.

பத்துமலை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கைகளைக் கூப்பினார். "மன்னிச்சிருங்க சார். புள்ள வெவரம் தெரியாமப் பேசுது. இன்னொரு தடவ எழுத விடுங்க சார். ஒங்களுக்குப் புண்ணியமா போவும்."

அப்பாவின் வாயிலிருந்து அந்த வார்த்தைகளைப் படித்தபோதுதான் நல்லம்மாளுக்குக் கோபம் வந்தது. தியாகராஜாவிடம் வராத கோபம், விருந்து மேடையில் வராத கோபம். பைக்குள்ளிருந்து அந்த மெஷினை எடுத்தாள். சக்கரத்தைக் கடைசி வரை திருகினாள். காதில் செருகுகிற முனையைப் பெட்டிமேலேயே வைத்து, பிரின்சிபலின் மேசை நடுவில், டத்தோவோடு எடுத்த படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க சார். இது கேக்கும். உங்களுக்கு."

அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இராஜசிங்கம் காதைப் பொத்தியதையும், தியாகராஜா பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து எதைத் திருகுவது என்று தெரியாமல் உலுக்கியதையும், குமாஸ்தா ஓடிவந்ததையும் அவள் பார்க்கவில்லை. பத்துமலை பார்த்தார். படியிறங்கும்போது அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கத்து கத்துச்சு தெரியுமா?"

"எப்படிக் கத்துச்சு? சொல்லுங்கப்பா."

பத்துமலை யோசித்தார். "லயத்துல ஒரு கொசு காதுகிட்ட வரும்ல? அந்த மாதிரி ஒரு லோரி நெறைய."

நல்லம்மாள் அந்தப் பெரிய பரீட்சைக்குத் தனித்தேர்வராகப் பதிந்துகொண்டாள். சாரதாவின் நீல எழுத்துத் தாள்களும், மிஸ்டர் லியோங் கடனாகக் கொடுத்து, திருப்பித் தரும்போது வாங்க மறுத்த ஒரு புத்தகமும்தான் துணை. பரீட்சை ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. கண்காணிப்பாளர் ஒரு மலாய் ஆசிரியை. முன்பின் தெரியாதவர். நல்லம்மாள் அவரிடம் போய், எனக்குக் காது கேட்காது, ஏதாவது அறிவித்தால் எழுதிக்காட்டுங்கள் என்று மலாயில் சொன்னாள்.

"போலே" என்றார் அவர். முடியும் என்று அர்த்தம். அவ்வளவுதான் பேச்சு.

எழுதத் தொடங்கலாம் என்கிற நேரத்தில் அவள் மேசையை விரலால் தட்டினார். ஒரு தாளில் பக்க எண் தவறியிருந்ததைச் சொன்னபோது, முதலில் பலகையில் எழுதினார், பிறகு வாயால் சொன்னார். அதற்கு முன் கமிட்டி கூடவில்லை. யாரும் மீன் தின்னவில்லை. பரீட்சை முடிந்ததும் அந்த ஆசிரியை குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அவர் பெயர்கூட நல்லம்மாளுக்குத் தெரியாது.

கணக்கியலில் சிறப்புத் தேர்ச்சி வந்தது. சாரதாதேவியும் விளிம்பில் தொற்றிக்கொண்டு பாஸாகிவிட்டாள். தன்னால்தான் நல்லம்மாள் பாஸானாள் என்று அவள் சொல்ல, உன்னால் பாதி புரியாமல் போனதால்தான் நான் புத்தகம் படித்தேன் என்று இவள் சொல்ல, காப்பிக் கடையில் பெரிய சண்டை.

அறிவின் ஊற்று அசரவில்லை. பத்திரிகை விளம்பரத்தில் தன் வெற்றி மாணவர்கள் வரிசையில் நல்லம்மாளின் பெயரையும் போட்டுக்கொண்டது. வெட்கம் என்பது காது மாதிரி, சிலருக்கு ஒரு காய்ச்சலில் போய்விடுகிறது போலும். அடுத்த ஆண்டு நடக்க முடியாத ஒரு பையனைச் சேர்த்தார்கள். அவனுக்காகவும் ஒரு விருந்து. பளபளக்கிற சக்கர நாற்காலி ஒன்றை மாலை போட்டுக் கொடுத்தார்கள். வகுப்பு இரண்டாம் மாடியிலேயே இருந்தது. கீழே, டயர்க் கடையோரமாகக் கல்லூரி எடுத்திருந்த ஓர் அறை காலியாக இருந்தது. அதில் டத்தோக்கள் வந்தால் உட்காருவதற்கு சோபா போட்டிருந்தார்கள். அந்தப் பையன் மூன்று மாதம் நண்பர்களின் முதுகில் ஏறிப் போய் வந்துவிட்டு நின்றுவிட்டான். நன்றி கெட்டவன் என்று கமிட்டி முடிவு செய்தது.

நல்லம்மாளுக்குக் கடலோரச் சித்தியவானில், மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு சீனரின் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. தவுக்கே என்று எல்லாரும் அழைக்கிற அந்த முதலாளி பெரிய புகையாளி. வாயோரத்தில் சிகரெட் தொங்காமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. பேசும்போது சிகரெட்டும் சேர்ந்து ஆடும். முதல் நாள் காலையில் அவர் ஏதோ வேலை சொன்னார். சாம்பல் மேசையில் உதிர்ந்தது.

"சிகரெட்டை எடுங்க தவுக்கே" என்றாள் நல்லம்மாள், மலாயில், தனக்கே உரிய உரத்த குரலில். "வாய் தெரியவில்லை."

ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தவுக்கே அவளை முறைத்தார். சிகரெட்டை எடுத்தார். தன் பாஷையில் ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அந்தப் பாஷை அவளுக்குத் தெரியாது, ஆனால் கெட்ட வார்த்தை எந்த வாயிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிறகு வேலையை முதலிலிருந்து, தெளிவாகச் சொன்னார்.

அதன்பின் அவள் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு வந்தார். கணக்குக் கேட்க நாளெல்லாம் வருவார். சில மாதம் கழித்து, தவுக்கேயின் மனைவி சூடான கொம்பியா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். புருஷனுக்கு ராத்திரி இருமல் குறைந்திருக்கிறதாம். நல்லம்மாளுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இரு" என்றாள்.